இரண்டும் நந்தியாவட்டை

பூசாரி திரையை இழுத்துவிட்டார். இனி அலங்காரம் முடிகிறவரை அரை மணியோ முக்கால் மணியோ, அம்மனுக்கு இன்றைக்கு எந்தச் சேலை என்பதைப் பொறுத்தது, இந்தக் கல் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் அம்மாவும் மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் கரட்டடி அம்மன் காலடியில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டின இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. பூசாரி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், அம்மாவும் அப்படித்தான். திரை விலகியதும் அவர் கண்ணை மூடித் தட்டைக் குலுக்கி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம், அம்மா நெஞ்சு ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாள். சிவப்பு வந்தால் மறுபேச்சே கிடையாது, வீட்டுக்கு வந்து கிடக்கிறவரை கிடப்பாள். பூ வாக்குக் கேட்பது என்று எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர். இரண்டில் ஒன்று. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் முதல் கணக்கே இதுதான், நாணயத்தைச் சுண்டினால் தலை விழ என்ன வாய்ப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், வருஷா வருஷம் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அந்தத் தட்டில் இன்றைக்கு அந்தக் கணக்கு இல்லை. பொட்டலம் கட்டினவன் நான். இரண்டிலும் நந்தியாவட்டைதான் வைத்திருக்கிறேன். அம்மா பறித்துக் கொடுத்த செவ்வரளியைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டேன். அவர் எதை எடுத்தாலும் வெள்ளை. இரண்டில் இரண்டு, சுருக்கினால் ஒன்று. உறுதியான நிகழ்ச்சி என்று புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. உறுதியான நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கிறவனுக்கு எதற்கு இப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்று மட்டும் புத்தகத்தில் போடவில்லை.

“ஏங் கண்ணு, இப்பிடி வேத்து ஊத்துது உனக்கு?” என்கிறாள் அம்மா. “காத்தே இல்லீம்மா.” “எனக்குக் குளுருதே.” அவளுக்குக் குளிரத்தான் செய்யும். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, செருப்பு வார் பதிந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. மூச்சை இழுக்கும்போது உள்ளே எங்கோ ஈரத் துணியை அலசுகிற மாதிரி ஒரு சத்தம். நான் தேங்காய் வாங்கப் போனபோது பூத்தட்டோடு அவளை வாசல் அரளிமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். அங்கிருந்து இங்கே வருவதற்குள் மூன்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் வாய் சும்மா இல்லை, இந்தத் தூணுக்கு வெள்ளையடிச்சவன் காசை வாங்கிட்டுத் தண்ணியை அடிச்சுட்டுப் போயிருக்கறான் என்றாள். நெஞ்சில் ஒரு வால்வு இறுகிப்போய்விட்டதாம். டாக்டர் பெரிய மனுஷர், பொறுமையாகப் படம் போட்டெல்லாம் காட்டினார். “மாத்திட்டா நல்லா இருப்பாங்க சார். இந்த வயசுல நூத்துக்குத் தொண்ணூறு பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போறாங்க.” அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் என் மண்டைக்குள் பூஜ்யம் இரண்டையும் அடித்தாகிவிட்டது. பத்தில் ஒன்பது. பழக்கதோஷம், எந்தப் பின்னத்தைப் பார்த்தாலும் சுருக்காமல் விட முடியாது, பஸ் டிக்கெட் எண்ணைக்கூட விடுவதில்லை. அம்மாதான் கேட்டாள், “மீதிப் பேருங்க?” டாக்டர் பேனாவை மூடினார். மீதிப் பேரை நினைக்கக் கூடாது அம்மா என்றார். செய்யாமல் விட்டால் என்று நான் கேட்டேன். இரண்டு வருஷம் தாண்டுகிறவர்கள் பாதிப் பேர் என்றார். பாதி என்றால் இரண்டில் ஒன்று. இரண்டு பின்னத்தை ஒப்பிட வேண்டுமானால் பகுதி ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் பாதியைப் பத்தில் ஐந்தாக்கு. பத்தில் ஒன்பதா, பத்தில் ஐந்தா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வறுத்த பட்டாணியைப் பத்துப் பத்தாக இரண்டு வரிசை வைத்து அம்மாவுக்கு விளக்கினேன். இந்த வரிசையில் ஒன்று போகும், இந்த வரிசையில் ஐந்து போகும், எந்த வரிசையில் நிற்கிறீங்க? அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தனியாக நகர்த்தி வைத்திருந்த அந்த ஒற்றைப் பட்டாணியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். “அதெல்லாஞ் சரி சாமி. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் போடலாம்” என்றாள்.

அந்த ஒற்றைப் பட்டாணி. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. சுருக்கும்போது மதிப்பு மாறாது என்று பலகையில் எழுதி இரண்டு கோடு போடுகிறவன் நான். மதிப்பு மாறாது, வாஸ்தவம். ஆனால் நூறில் பத்துப் பேர் என்றால் பத்துக் கட்டில், பத்துக் கட்டிலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பத்துக் குடும்பம், பத்து பிளாஸ்க். பத்தில் ஒருவர் என்றதும் ஒன்பது பேர் அழுதுகொண்டே எழுந்து போய்விடுகிறார்கள், மிச்சம் ஒரே ஒருத்தர், அந்த ஒருத்தர் யாரோ எவரோ. வகுப்பில் திலகவதி என்று ஒரு பெண் இருக்கிறாள், கடைசி பெஞ்சு, கணக்கு நன்றாக வரும், வாயும் நன்றாக வரும். பையில் பத்துப் பந்து, ஆறு சிவப்பு, ஒன்றை எடுத்தால் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன என்ற கணக்குக்குப் பத்தில் ஆறு என்று எழுதி நிறுத்திவிட்டாள். அரை மார்க்கைக் குறைத்தேன். எழுந்து நின்றாள். “சார், பையில பத்துப் பந்துதானே சார் இருக்குது? நீங்க அஞ்சுல மூணுன்னு எழுதச் சொல்றீங்க. மீதி அஞ்சு பந்தை எங்க சார் வெச்சீங்க?” வகுப்பே சிரித்தது. என் சட்டைப்பையில் என்று சொல்லிச் சமாளித்தேன், இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். சரி, பந்து பந்து என்று வெறும் வாயால் சொன்னால் இப்படித்தான் கேட்பார்கள் என்று அடுத்த நாள் ஒரு மஞ்சள் பையில் ஆறு வெங்காயமும் நாலு தக்காளியும் போட்டுக்கொண்டு போனேன். தக்காளி வர ஐந்தில் இரண்டு. பார்க்காமல் எடு என்றேன். எடுத்தவன் எல்லாம் தக்காளியாகவே எடுத்தான். கை தடவினால் தெரியாதா தக்காளி எது வெங்காயம் எது என்று! ஒருத்தன் எடுத்ததைக் கடித்தே விட்டான். சமவாய்ப்பு இருந்தால்தான் கணக்கு நிற்கும் என்று சொல்லிப் பையை மூடினேன். இப்போது இங்கே உட்கார்ந்திருக்கும்போது வேறொன்று உறைக்கிறது. ஒரு பையில் ஆறு சிவப்புப் பந்துகள் உள்ளன. உள்ளன என்றால் யார் வைத்தது? எந்தப் பாடப்புத்தகத்திலும் எந்தக் கேள்வித்தாளிலும் பையை நிரப்பினவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. எடுக்கிறவன் கையைப் பற்றித்தான் இத்தனை கணக்கும். நிரப்புகிறவன் பந்தைப் போட்டுவிட்டு எங்கே போனான், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்றானா, ஒருவரும் கேட்டதில்லை. இந்தப் பையை நிரப்பினவன் நான். எனக்கு இன்றைக்குக் காலைச் சோறு இறங்கவில்லை.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மாதிரி ஏதோ கலகலக்கிறது, அம்மனுக்குப் போடுகிற கண்ணாடி வளையலாக இருக்கும். நான் நேர்மையாகத்தான் கட்ட நினைத்தேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, அவ்வளவுதான், அம்மாவின் அம்மன், அம்மாவின் நெஞ்சு. இலையைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கள் வீட்டில் இதற்கு முன் மூன்று முறை பூக் கேட்டிருக்கிறார்கள். என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்கவைப்பதா தறி போடுவதா என்று ஒரு முறை. வீட்டு மனை வாங்குவதற்கு ஒரு முறை. தங்கச்சி தமயந்தியைத் திருப்பூரில் கொடுப்பதற்கு ஒரு முறை. மூன்று முறையும் வெள்ளை. மூன்று முறை வெள்ளை வந்தாயிற்று, இந்த முறை சிவப்புதான் என்று என் மனசு அடித்துச் சொல்லியது. முட்டாள்தனம். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, முன்னால் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது என்று நானே வருஷா வருஷம் கத்துகிறேன், இருப்பதாக எழுதுகிறவன் விடைத்தாளில் சிவப்பு மையில் சுழிக்கிறேன். நாணயத்துக்குத்தான் ஞாபகம் கிடையாது, அம்மனுக்கு இருக்காதா? மூன்று முறை கொடுத்துவிட்டேனே, இன்னும் எத்தனை என்று கேட்க மாட்டாளா? கணக்கு வாத்தியாரின் மூளை இன்றைக்குக் காலையில் இப்படித்தான் ஓடியது. நாலு பொட்டலம் கட்டி மூன்றில் வெள்ளை வைத்தால் என்ன, நாலில் மூன்று, பொய்யும் கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் என்றுகூடப் பேரம் பேசிப் பார்த்தேன். இந்தக் கோயிலில் இரண்டுக்கு மேல் வாங்க மாட்டார்கள். இரண்டில் ஏமாற்றுவதென்றால் முழுசாகத்தான் ஏமாற்ற வேண்டும். நாரை முடிச்சுப் போடும்போது இன்னொரு நினைப்பும் வந்தது, அது இன்னும் போகவில்லை. மூன்று முறையும் பொட்டலம் கட்டினவர் அப்பா. மூன்று முறை தொடர்ந்து வெள்ளை வர எட்டில் ஒன்றுதான் வாய்ப்பு. எட்டில் ஒன்று நடக்காததல்ல, நடக்கும், ஆனால் அப்பாவை எனக்குத் தெரியும். ஒரு காரியத்தை முடிவு பண்ணிவிட்டுத்தான் ஊரைக் கூட்டி யோசனை கேட்பார். நான் வாத்தியாரானது அப்பாவின் கைவேலையாகக்கூட இருக்கலாம். செத்துப்போன மனுஷனிடம் போய் இதை எப்படிக் கேட்பது? கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவரால் முடிந்தது. வாத்தியார் வேலையால் யாரும் சாவதில்லை.

சட்டைப்பையில் செல்போன் அதிர்கிறது. தமயந்தி. எடுத்துக் காதில் வைத்து வாயைப் பொத்திக்கொள்கிறேன். “அண்ணா, பூ என்னாச்சு?” “இன்னும் திரை தெறக்கலை.” “சிவப்பு வரோணும்னு நான் வேண்டிட்டு உக்காந்திருக்கறேன். எங்க பக்கத்து வூட்டு அய்யனுக்கும் நூத்துக்குத் தொண்ணூறுன்னுதான் சொன்னாங்க, துணி சுத்தித்தான் வந்தாரு. அம்மாளை அறுக்க வேண்டாண்ணா.” வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னமே கிடையாது. பக்கத்து வீட்டு அய்யன் ஒரே ஆள், அந்த ஒரே ஆளும் போய்விட்டார், அவ்வளவுதான் கணக்கு. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ப் பத்தில் ஒன்பது பிழைக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? நடந்துவிட்ட பிறகு நிகழ்தகவு என்று ஒன்று இல்லை, ஒன்று அல்லது பூஜ்யம். நான் பயப்படுவது அதற்குத்தான், இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தால் அம்மன் கொடுத்தாள். முடியாவிட்டால்? அந்த மேஜையில், அந்தப் பச்சைத் துணிக்குக் கீழே, அவள் கண்ணை மூடினவள் மூடினபடியே இருந்துவிட்டால், அவளை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது யார்? டாக்டர் இல்லை, அவர் எண்ணைச் சொன்னார். அம்மன் இல்லை, அவளைக் கேட்கவே இல்லை. கேட்கிற மாதிரி நடித்தோம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்த பாதியை நான் பிடுங்கிக்கொண்டேன், அதோடு சேர்ந்து அந்தப் பத்தில் ஒன்றும் என் தலைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு அது பத்தில் ஒன்று. எனக்கு அது முழு ஒன்று. தமயந்தி கேட்பாள், அம்மன் உத்தரவு கொடுத்துதானே அண்ணா அறுத்தோம் என்று கேட்டு என் தோளில் விழுந்து அழுவாள், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆயுசுக்கும் சொல்ல வேண்டும். எழுந்துவிட்டேன். என்னை அறியாமல் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். “பூசாரியாரே.” “சொல்லுங்க வாத்தியார்.” “அந்தத் தட்டு...” “இன்னுங் கொசுவமே வெக்கலீங்க, செத்த பொறுங்க.” என்ன சொல்வது? பொட்டலத்தைக் கொடுங்கள், ஒன்றில் சிவப்பு வைத்துத் தருகிறேன் என்றா? அப்படி வைத்து அந்தச் சிவப்பே வந்துவிட்டால்? இரண்டு வருஷம், பாதிப் பேர், இந்த ஈரத் துணிச் சத்தம் ஒரு நாள் நிற்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுவும் நான்தான் கேட்க வேண்டும். “இங்க வந்து உக்காரு” என்கிறாள் அம்மா, “அவ சேலை கட்டற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?” வந்து உட்கார்கிறேன். என் முழங்காலைத் தட்டிக்கொடுக்கிறாள். கை சில்லென்று இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நீ சாகக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இதற்கு மேல் வாய் போகாது. அதைச் சொல்ல முடியாதவன்தான் பூவை மாற்றிக் கட்டுகிறான் போல.

மணி அடிக்கிறது. திரை விலகுகிறது. அரக்குச் சேலை, எலுமிச்சை மாலை, விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தி. அம்மா தூணைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன். நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை, பூசாரியின் கையைத்தான் பார்க்கிறேன். கண்ணை மூடி, தட்டை மூன்று தரம் சுற்றிக் குலுக்கி, ஒன்றை எடுத்து நாரைப் பல்லால் கடித்து இழுக்கிறார். வெள்ளை. என்ன வரும் என்று தெரிந்திருந்தும் என் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. “ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்கம்மா, தைரியமாப் போய்ட்டு வாங்க” என்று பூசாரி அந்த நந்தியாவட்டையை அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக் காதோரம் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா என்றால் அது மட்டும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளையின் முகம், அப்பாடா என்று. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும், அதுதான் இங்கே முறை. பூசாரி அதை என் கையில் கொடுத்தார். எவ்வளவு நல்ல முறை என்று நினைத்துக்கொண்டேன். நாலு எட்டு நடந்து கிணற்றில் போட்டுவிட்டால் தீர்ந்தது, நான் எதுவும் செய்யாதவன் ஆகிவிடுவேன். வேகமாகத்தான் போனேன். கிணற்று மேட்டில் கையை நீட்டும்போது பின்னால் அந்த மூச்சுச் சத்தம். என்னை விட வேகமாக வந்திருக்கிறாள்.

“அதைப் பிரி” என்றாள் அம்மா. “பிரிக்கக் கூடாதும்மா, முறை இல்லை.” “முறை எனக்குத் தெரியும். பிரிடா.” பொட்டலத்தைத் திருப்பினேன். நாரின் முடிச்சு நான் போட்ட மாதிரி இல்லை, அவ்வளவு பதற்றத்திலும் அது தெரிந்தது, நான் இரட்டை முடிச்சு போடுவேன். இலையை விரித்தேன். செவ்வரளி. வாடாமல், காம்பில் பால் காயாமல், இப்போது பறித்த பூ. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடக்கவே முடியாதது என்று நான் நினைத்திருந்தது என் உள்ளங்கையில் இருந்தது. இந்த அரை மணி நேரமும் அந்தத் தட்டில் நிஜமாகவே இரண்டில் ஒன்றுதான் இருந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஏன் வேர்க்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியும். பூசாரியின் கை கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் என்று நினைத்ததும் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. “நீ கட்டும்போதே உம் மூஞ்சியில தெரிஞ்சுது கண்ணு. மரத்தடியில ரெண்டையும் பிரிச்சுப் பாத்தேன்” என்றாள். “அப்பறம் ஏம்மா மாத்துனீங்க? சிவப்பு வந்திருந்தா?” “வந்திருந்தா வந்துட்டுப் போகுது.” முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள். “நாளைக்கு ஆஸ்பத்திரியில எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, எங்கம்மாளை நாந்தாங் கொன்னு போட்டேன்னு நீ ஆயுசுக்கும் கெடந்து வேகக் கூடாது பாரு. அதுக்குத்தான்.” சொல்லிவிட்டு, செவ்வரளியை என் கையிலிருந்து எடுத்துக் கிணற்றில் போட்டாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள்.